சேர்வராயன் மலையில் மூன்று நாள்: பஸ்ஸும் நடையும்

ஜனவரி 7, புதன்: அஸ்தம்பட்டியிலிருந்து ஏரிக்கரை வரை

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை, ஏற்காடு இருக்கிற மலை, முழுசாகத் தெரியும். துணி காயப்போடும்போதும் வடகம் பிழியும்போதும் கரண்ட் போன ராத்திரிகளில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போதும் அது அங்கேயே இருக்கும், இருட்டிய பிறகு மலைப்பாதையில் ஏறுகிற வண்டி வெளிச்சம் ஒரு வளைவில் மினுக்கி அடுத்த வளைவில் காணாமல் போகும், அதை எண்ணிக்கொண்டே தூங்கிப்போன நாட்கள் நிறைய. ஆனால் மலைக்குப் போனது என்றால், சின்ன வயதில் அப்பா வருடத்துக்கு ஒரு தடவை கூட்டிப்போவார். படகு, அண்ணா பூங்கா, ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி, இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுவோம். கல்யாணத்துக்கு அப்புறம் காரில் போனோம், அப்போதும் அதே இடங்கள்தான். இப்போது 42 வயதாகிறது. ஆடிட்டர் ஆபீஸில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, தனியாக, பஸ்ஸில் போய் மற்றதை நடந்தே பார்ப்பது என்று கிளம்பினேன். அம்மா ஒன்றுதான் சொன்னாள்: "ஸ்வெட்டரை மேலாக வை, பைக்கு அடியில வைக்காதே."

அஸ்தம்பட்டியில் ஏறினேன். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை சாதாரண டவுன் பஸ் போலத்தான் இருந்தது, மார்கழி என்பதால் கோயில் ஸ்பீக்கர் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. அடிவாரத்தில் கண்டக்டர் என்னைப் பார்த்து, "அக்கா, முன்னாடி வந்துருங்க, பின்னாடி தூக்கிப் போடும்" என்றார். மேலே போக மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது வளைவிலேயே எனக்குப் பின் சீட்டில் ஒரு பையனுக்குக் குமட்டல் வந்துவிட்டது, அவன் அம்மா திணறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, எஸ்டேட் வேலைக்குப் போகிறவர் போல, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி அவன் கையில் வைத்தார். "மோந்துக்கிட்டே வா சாமி, கீழ பாக்காத, தூரமா பாரு." பையன் அப்படியே செய்தான். இறங்கும்போது பழத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனான், பாட்டி வாங்கவில்லை, "இறங்கும்போதும் வேணுமில்ல" என்றார்.

பாதி மலைக்கு மேல் பனி. காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் திறந்தது. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நிற்க, ஒவ்வொன்றின் மேலும் மிளகுக் கொடி ஆள் உயரத்துக்கு மேலே ஏறியிருந்தது, அதற்குக் கீழே இருட்டாகக் காப்பிச் செடிகள். போன் 17 டிகிரி என்றது. கீழே அஸ்தம்பட்டியில் ஃபேன் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

முதல் சங்கடம் ரூமில். விசாரித்த முதல் லாட்ஜில் ரிஜிஸ்டரைத் திறந்து, பெயர் எழுதி, "கூட யாரு வர்றாங்க?" என்று கேட்டார்கள். யாருமில்லை என்றதும் ரிஜிஸ்டரை மூடிவிட்டார்கள். தனியாக வருகிற லேடீஸுக்கு ரூம் தருவதில்லையாம். இரண்டாவது இடத்திலும் அதேதான், அங்கே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. ஆதார் அட்டை இருக்கிறது, காசு இருக்கிறது, முப்பது கிலோமீட்டர் கீழே சொந்த வீடு இருக்கிறது. ஒரு பெண் தனியாக மலையைப் பார்க்க வந்தால் அவளுக்குப் பின்னால் ஏதோ கதை இருக்க வேண்டும் என்று எப்படித்தான் நினைக்கிறார்களோ, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஏரிக்கரை பஜ்ஜிக் கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்கார அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டீயை முதலில் வைத்தார், பஜ்ஜி அப்புறம் வந்தது. மிளகாய் பஜ்ஜி நாலு, நாற்பது ரூபாய், மிளகாயைக் கீறி உள்ளே ஓமமும் உப்பும் தடவியிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் போனை எடுத்து யாருடனோ பேசினார், கால் மணி நேரத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டு மாடி அறை கிடைத்தது. ஒரு நாளைக்கு 800 ரூபாய், காலை டிபனோடு. டீச்சரம்மா கேட்ட ஒரே கேள்வி, "உங்களுக்கு வெந்நீர் எத்தனை மணிக்கு வேணும்?"

சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடந்தேன். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், படகுத் துறைப் பக்கம் மட்டும் நின்றால் அது புரியாது. மறுகரையில் கூட்டமே இல்லை. தண்ணீர் விளிம்பில் சேறு, அதில் கொக்கு நடந்த தடம் முக்கூராக வரிசையாகப் பதிந்திருந்தது, மூங்கில் கிளை தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. இந்த ஏரி நிரம்பினால் வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. அருவிக்கு இந்தத் தடவை நான் போகவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் லேடீஸ் சீட், மலை விளிம்பில் இருக்கிற காட்சி முனை. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து மேட்டூர் அணைத் தண்ணீர் தெரியும், இன்று மேற்கே எல்லாம் புகை மூட்டமாக இருந்தது. ஆனால் கீழே சேலத்தில் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது. வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த தம்பி, "அதோ நீளமா கோடு போகுதே, அது ஐந்து ரோடு மேம்பாலம்" என்று காட்டினார். அதை வைத்து அஸ்தம்பட்டியைத் தேடினேன், அதற்குள் எங்கள் தெருவைத் தேடினேன். அம்மாவுக்குப் போன் செய்து மாடி லைட்டைப் போட்டு அணைக்கச் சொன்னேன். அவளும் போட்டு அணைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

ஜனவரி 8, வியாழன்: நாகலூர், காப்பி, வராத பஸ்

டீச்சரம்மா வீட்டு டிபன் பற்றி ஒரு வரி: இட்லியோடு பச்சை மிளகுத் துவையல். பச்சை மிளகைக் கொத்தாக உருவி, தேங்காயும் கொஞ்சம் புளியும் வைத்து அரைத்தது. காரம் நாக்கில் தெரியாது, தொண்டைக்குள் போன பிறகு மெதுவாக ஏறும். குளிருக்கு அதுபோல வேறு இல்லை.

காலை நாகலூர் பஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோழித்தீவன மூட்டை, காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். சீட்டு கிடைக்காமல் நின்றவர்கள் எல்லாம் தங்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைத்துவிடுகிறார்கள், கேட்பதுகூட இல்லை. என் மடியில் மூன்று தூக்குப்போசி வந்து சேர்ந்தன, ஒன்று சூடாக இருந்தது. ஒரு வீட்டின் முன்னால் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடித்தார், ஒரு பெண் ஈரத்தலையோடு ஓடி வந்து ஏறினாள். யாரும் முணுமுணுக்கவில்லை.

தூக்குப்போசிக்காரர்களில் ஒருவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், என்னிடமிருந்து போசியை வாங்கிக்கொண்டு, "எங்க போற கண்ணு?" என்றார். சும்மா நடக்க வந்தேன் என்றேன். "நடக்கறதுன்னா எங்களோட வா, தோட்டத்துல நடக்கலாம்." அப்படித்தான் நான் காப்பி பறிக்கிற இடத்துக்குப் போனேன். மேஸ்திரியிடம் அவரே சொல்லி அனுமதி வாங்கினார்.

தினம் மூன்று வேளை காப்பி குடிக்கிற ஊர்க்காரி நான், ஆனால் காப்பிப் பழத்தை இதுவரை கையில் எடுத்துப் பார்த்ததில்லை. சுண்டைக்காய் அளவு, நல்ல சிவப்பு, கிளையோடு ஒட்டி கணுவுக்குக் கணு கொத்தாக இருக்கிறது. ஆனால் ஒரே கொத்தில் சிவப்பும் இருக்கும், மஞ்சளும் இருக்கும், பச்சையும் இருக்கும். சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும், பச்சையை விட்டுவிட்டு இன்னும் சில நாள் கழித்துத் திரும்ப வர வேண்டும், அதனால் ஒரே செடிக்கு ஒரு பருவத்தில் பல தடவை வருகிறார்கள். அந்த அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழத்தைப் பிடித்து லேசாகத் திருகும், இழுக்காது, கிளை ஆடக்கூட ஆடாது, பழம் உள்ளங்கையில் உருண்டு சேரும், கை நிறைந்ததும் இடுப்பில் கட்டிய சாக்குக்குள் போகும். நான் இழுத்தேன், பச்சைக் காயும் கூடவே வந்தது. "கிளைய ஒடிச்சா அடுத்த வருசத்துக் காய்ப்பு போயிடும் கண்ணு" என்று என் கையைப் பிடித்துத் திருகிக் காட்டினார். அவர் விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் தடித்திருந்தது.

ஒரு பழத்தைப் பிதுக்கிப் பார்க்கச் சொன்னார். இரண்டு கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, ஒன்றோடொன்று தட்டைப் பக்கமாக ஒட்டிக்கொண்டு, மேலே கோழை போலப் பிசுபிசுப்பு. நாக்கில் வைத்தால் இனிப்பு. காப்பி வாசனை துளிகூட இல்லை. சில பழத்தில் ஒரே கொட்டை உருண்டையாக இருக்கும், அதைத் தனியாகப் பிரித்து விற்பார்களாம். பறித்ததைத் தோல் நீக்கி, அந்தப் பிசுபிசுப்பு போகக் கழுவி, களத்தில் நாள் கணக்கில் காயவைத்துத் துழாவ வேண்டும். களத்தில் ஒருவர் மரப்பலகையால் கொட்டையை இழுத்துக்கொண்டே முன்னும் பின்னும் நடந்தார், மத்தியானம் வரை நான் பார்த்தவரை அவர் உட்காரவில்லை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார், அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தேன். ஆனால் இருநூறு வருடமாக அதைப் பறித்துக் காயவைத்துக் கீழே அனுப்புகிறவர்களைப் பற்றி எங்கள் ஊரில் பேசிக் கேட்டதில்லை. இந்த அம்மா மலையாளி சாதி, கேரளா இல்லை, மலையை ஆளுகிறவர்கள் என்ற அர்த்தம், பேசுவது தமிழ்தான். மத்தியானச் சாப்பாட்டில் எனக்கும் பங்கு வைத்தார், பச்சை மொச்சைக் குழம்பும் சோறும், பஸ்ஸில் என் மடியில் சூடாக இருந்த அதே போசி. சாப்பிட்டுக்கொண்டே கதை சொன்னார். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்தார்களாம், பெரியண்ணன் இந்தச் சேர்வராயன் மலைக்கு, நடு அண்ணன் பச்சைமலைக்கு, சின்ன அண்ணன் கொல்லிமலைக்கு. "நாங்க பெரியண்ணன் வழி" என்றபோது அவர் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது.

ஐந்து மணி பஸ்ஸுக்கு நாலே முக்காலுக்கே டீக்கடை முன்னால் நின்றேன். ஐந்தரை ஆயிற்று. ஆறு ஆயிற்று. பஸ் வரவில்லை, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மார்கழி இருட்டு சட்டென்று இறங்கிவிட்டது, கூடவே குளிர், ஸ்வெட்டருக்குள் கை விரல் மரத்தது. டீக்கடை அக்கா கதவுப் பலகையை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "இங்கயே படுத்துக்கோ, காலையில போயிக்கலாம்" என்றார். டீச்சரம்மா தேடுவார் என்று நான் தயங்கியபோது, பெஞ்சில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த தாத்தா எழுந்தார். அவர் தம்பி வீடு டவுனுக்குக் கொஞ்சம் முன்னால்தான் இருக்கிறதாம், நாளைக்குப் போகலாம் என்றிருந்தாராம், "இன்னிக்கே போயிட்டாப் போச்சு" என்றார். எனக்காகத்தான் அந்த இன்னிக்கே. டீக்கடை அக்கா தன் டார்ச்சை என் கையில் கொடுத்தார், கடை போன் நம்பரையும் ஒரு பீடிக்கட்டுத் தாளில் எழுதிக்கொடுத்தார், போய்ச் சேர்ந்ததும் சொல்லச் சொல்லி.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தோம். தாத்தா அதிகம் பேசவில்லை. கீழே சேலத்தில் அவர் பேத்தி செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறாள், அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். ஒரு வளைவில் சட்டென்று என் முன்னால் கையை நீட்டி நிறுத்தினார். டார்ச்சைத் தரையைப் பார்த்துத் திருப்பச் சொன்னார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் மூச்சுச் சத்தம் கேட்டது, பெரிய துருத்தி ஊதுவது போல. இருபதடியில் காட்டுமாடு. உடம்பு இருட்டோடு இருட்டாக, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டது போல நாலு வெளுப்பு. காப்பிச் செடிக்கும் ரோட்டுக்கும் நடுவில் அது நின்றுகொண்டிருந்தது. தாத்தா மெதுவாக, வீட்டு மாட்டிடம் பேசுவது போல, "போ சாமி, போ, நாங்க போயிடறோம்" என்றார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. அந்த நாலு வெளுப்பும் ஒவ்வொன்றாகச் செடிக்குள் போயின, கிளை ஒடிகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. தாத்தா ஒரு பீடி பற்ற வைத்து முடிக்கும் வரை நின்று, அப்புறம்தான் நடந்தார்.

தம்பி வீடு வந்தது. அங்கிருந்து ஏற்காடு விளக்குகள் தெரிந்தன, இருபது நிமிடம்கூட இருக்காது. நூறு ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை. டீ குடிக்கவாவது என்றேன். "வாங்கினா கூலி ஆயிடும் கண்ணு, நான் என் தம்பி ஊட்டுக்கு வந்தேன்" என்றார். டீச்சரம்மா வாசல் விளக்கைப் போட்டுக் கேட்டிலேயே நின்றிருந்தார். திட்டினார். சுடுதண்ணீரில் உப்பு போட்டு வைத்திருந்தார், காலை அதில் வைத்தபோதுதான் கட்டைவிரல் நகம் கறுத்திருப்பதைப் பார்த்தேன்.

ஜனவரி 9, வெள்ளி: சேர்வராயன் கோயில், குப்பனூர் வழி

காலை முதல் வேலை டார்ச். நாகலூர் போகிற பஸ் கண்டக்டரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தேன், கூடவே டீக்கடை அக்காவுக்கு அரைக் கிலோ பேரீச்சம்பழமும் தாத்தாவுக்கு ஒரு பொட்டலம் மிக்ஸரும். அவர் எல்லாவற்றையும் வாங்கி டிக்கெட் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அந்தக் கடைதானே, தெரியும்" என்றார். பேர் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை.

நகம் வலித்தாலும் சேர்வராயன் கோயிலுக்கு நடந்தேதான் போனேன். ஏற்காட்டு மலையில் இதுதான் உச்சி, 5,300 அடிக்கு மேல். மரமெல்லாம் கீழேயே நின்றுவிடுகிறது, மேலே வெறும் புல்வெளி, காற்று காதைப் பிய்க்கிறது. கோயில் என்று பெரிய கோபுரத்தைத் தேடக்கூடாது, சின்னக் குகை, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும் உள்ளே. குகை உள்ளே உள்ளே போய்க் காவிரியோடு சேர்வதாக மக்கள் நம்புகிறார்கள். பாறை ஈரமாக இருந்தது, தலையில் ஒரு சொட்டு விழுந்தது, பூசாரி அதையே தீர்த்தம் என்றார். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமம் எல்லாம் இங்கேதான் கூடும். நான் போனபோது என்னையும் சேர்த்து ஆறு பேர்.

வெளியே வந்தபோது மேற்கே திரை விலகியது போலப் பனி ஒதுங்கியிருந்தது. தூரத்தில் ஒரு வெள்ளிக் கீற்று. மேட்டூராகத்தான் இருக்க வேண்டும். கிட்டத்தில், பச்சை மலை முதுகில் சிவப்பாகச் சில இடங்கள். இந்த மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள், அந்தப் பள்ளங்களை நினைத்துக்கொண்டேன். எங்கள் மாடியிலிருந்து மலை எப்போதும் நீலமாக மட்டும்தான் தெரியும்.

இறங்குவதற்குக் குப்பனூர் வழி பஸ்ஸைப் பிடித்தேன். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் பெரிய மலைப்பாதையில் மண் சரிந்தபோது இந்த வழியில்தான் ஊரே போய் வந்தது. பாதை குறுகல், சுற்று வழி, எதிரே லாரி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். கொட்டச்சேடு பக்கம் வாசலுக்கு வாசல் காப்பிக் கொட்டையும் மிளகும் பாயில் காய்ந்துகொண்டிருந்தது, கோழி அதைச் சுற்றியே போனது. ஜன்னலோரத்தில் ஒரு பெண் பலா மரத்தடியில் நின்று எங்கள் பஸ்ஸுக்கு ஒரு கை காட்டி நிறுத்தி, ஒரு பையை மட்டும் ஏற்றிவிட்டுப் போனாள், பையை அயோத்தியாப்பட்டணத்தில் யாரோ வந்து வாங்கிக்கொண்டார்கள். குப்பனூரில் சமவெளி வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்கு அடியில் வைத்தேன்.

சேலம் பழைய பஸ் நிலையத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே தள்ளுவண்டிக்குப் போய் ஒரு தட்டுவடை செட் சொன்னேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், இந்தப் பக்கம் காரச் சட்னி, அந்தப் பக்கம் புதினாச் சட்னி. முதல் செட்டை வாய்க்குள் வைத்து, பேச முடியாத நிலையில் இருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். பின்னால் பஸ் ஹாரனும் டம்ளர் கழுவுகிற சத்தமும்.

"டார்ச் வந்துருச்சு கண்ணு. பேரீச்சம்பழம் எதுக்கு? தாத்தா இன்னும் தம்பி ஊட்டுல இருந்து வரல, மிக்ஸரை எடுத்து வச்சிருக்கேன்."